கெய்சரின் இடக்கை

நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு சொல் வழங்குகிறது. எதற்கும் அஞ்சாமல், எவர் கையிலும் அகப்படாமல், காரியத்தை முடித்துக்கொண்டு நழுவிவிடும் பயலைப் பெரியவர்கள் சரியான எம்டன் என்பார்கள். அதைத் திட்டாகவும் கொள்ளலாம், பாராட்டாகவும் கொள்ளலாம். சங்க நூல்களில் தேடினாலும் கிடைக்காத இச்சொல் நமக்குக் கடல்வழி வந்து சேர்ந்தது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின்மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து தீ மூட்டிவிட்டு, எதிர்க்குண்டுகள் தன்னைத் தொடுமுன் இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் எம்டன். சிலர் மாண்டனர். மறுநாள் முதல் மூட்டை முடிச்சுகளோடு பட்டணத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்குக் கணக்கில்லை. பாட்டிமார்கள் இதைத் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள். நம்மில் பலரும் கேட்டிருப்போம்.

அந்தக் கப்பலைச் செலுத்தியவர் கார்ல் ஃபான் முல்லர் என்னும் தளபதி. அதைக் கட்டிய கடற்படையைத் தம் விளையாட்டுப் பொருள்போல் பார்த்துப் பார்த்து வளர்த்தவரோ ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். கெய்சர் என்றால் உலகம் அவரையே நினைத்தது. முறுக்கி மேல்நோக்கி நிறுத்திய மீசை, தலையில் கழுகு பொறித்த கவசம், மார்பு நிறையப் பதக்கங்கள். இவற்றைப் படங்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்க்காத ஒன்றும் அப்படங்களில் உண்டு. இனி எங்கேனும் அவருடைய படம் கிடைத்தால் இடக்கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரு படத்தில் அது வாளின் பிடிமேல் அமர்ந்திருக்கும். மற்றொன்றில் ஒரு ஜோடிக் கையுறைகளைப் பற்றியிருக்கும். இன்னொன்றில் சட்டைப் பைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது வலக்கை அதன்மேல் படிந்து மறைத்திருக்கும். இயல்பாகத் தொங்கும் இடக்கையைக் காண்பது அரிது. ஐரோப்பாவை நடுங்க வைத்த அம்மனிதருக்கு இடக்கை வலக்கையைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டை. அதைக் கொண்டு தம் தட்டிலிருந்த இறைச்சித் துண்டை அறுக்கவும் அவரால் இயலாது.

அந்தக் கையின் கதை 1859ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், பெர்லினில் பட்டத்து இளவரசர் மாளிகையில் தொடங்குகிறது. தாயார் விக்டோரியா, இங்கிலாந்து மகாராணி விக்டோரியாவின் தலைமகள். மணமாகி ஓராண்டும் இரண்டு நாளுமே ஆகியிருந்தன. வயது 18. முதற் பேறு. முன்னிரவே வலி கண்டுவிட்டது. பிரசவ வைத்தியத்தில் பெர்லினில் பெயர் பெற்றிருந்த பேராசிரியர் எடுவர்ட் மார்ட்டின் என்பவரை அழைக்க ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அதை ஆள்மூலம் அனுப்பாமல் யாரோ அஞ்சலில் சேர்த்துவிட்டார்கள்! பேரரசின் வாரிசு பிறக்கும் நேரத்தில் கடிதம் தபால் பெட்டிக்குள் கிடந்தது. மார்ட்டின் வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்து நெடுநேரம் ஆகியிருந்தது. இளவரசி களைத்துத் துவண்டிருந்தார்.

குழந்தை தலை முதலாக வரவில்லை. இடுப்புப்பக்கம் முதலாக வந்தது. அந்நாளில் இத்தகைய பேறுகளில் தாயோ சேயோ இருவருமோ இறப்பது சாதாரணம். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பதென்றால் அக்காலத்தில் தாயை இழக்கத் துணிவது என்றே பொருள். இங்கிலாந்திலிருந்து மகாராணி அனுப்பியிருந்த முதிய மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க் குளோரோபாரம் கொடுத்தார். மார்ட்டின் கையால் முயன்றார். குழந்தையின் இடக்கை தலைக்குமேல் தூக்கி மடங்கிச் சிக்கியிருந்தது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது, கொப்பூழ்க்கொடி அழுந்தினால் குழந்தைக்கு மூச்சில்லை. அந்தக் கையை அவர் பலங்கொண்டு கீழே இழுத்தார். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்பு குழந்தை வெளியே வந்தது. அழவில்லை. தேய்த்தும் தட்டியும் நெடுநேரம் பாடுபட்ட பிறகே மூச்சு வந்தது. வெளியே பீரங்கிகள் முழங்கின; இளவரசன் பிறந்தான் என்று பெர்லின் நகரம் ஆரவாரித்தது.

மூன்று நான்கு நாட்கள் சென்றபின்தான் கவனித்தார்கள்: இடக்கை அசையவில்லை. தோளிலிருந்து துணியைத் தொங்கவிட்டாற்போல் கிடந்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் தேர்வுக்காக விழித்திருந்து படித்த ஓர் இரவில், நாற்காலியின் முதுகின்மேல் இடக்கையைப் போட்டபடியே உறங்கிவிட்டேன். காலையில் எழுந்தால் மணிக்கட்டு நிமிரவில்லை. கையை நீட்டினால் விரல்கள் வாடிய வாழையிலைபோல் தொங்கின. பக்கவாதம் என்று அறை நண்பர்கள் அலறினார்கள். எங்கள் விடுதியில் மருத்துவம் படிக்கும் நண்பர் ஒருவர் மட்டும் சிரித்தார். மேற்கையின் எலும்பைச் சுற்றிக்கொண்டு செல்லும் ரேடியல் நரம்பு நாற்காலிச் சட்டத்தில் நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை, ஆகவே தானே திரும்பும் என்றார். ஆறு வாரத்தில் திரும்பியது. அந்த ஆறு வாரமும் நான் பட்ட பாடு! துவைத்த துணியைப் பிழிய முடியாது. வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாது. டிபன் கேரியரைத் திறக்கப் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட வேண்டும். ஒரு கை என்பது உண்மையில் இரண்டு கைகளில் பாதி ஆகாது. அதைவிட எத்தனையோ குறைவு. அந்த நாட்களில்தான் கெய்சரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கையை அசைப்பது கையன்று. விரல்களை மடக்கி நிமிர்த்தும் தசைகளில் பெரியவை முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன; பொம்மலாட்டக்காரன் மேலே நின்று நூலை இழுப்பதுபோல் நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. அத்தசைகளுக்கு ஆணை கொண்டுவரும் நரம்புகளோ கழுத்தில் பிறக்கின்றன. முதுகுத் தண்டிலிருந்து ஐந்து வேர்கள் புறப்பட்டு, கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவே, காறை எலும்பின் அடியில், கூடியும் பிரிந்தும் மறுபடி கூடியும் ஒரு பின்னலாகின்றன. அந்தப் பின்னலிலிருந்து ஐந்து பெரிய நரம்புகள் கைக்குள் இறங்குகின்றன. ஒன்று தோளைத் தூக்க; ஒன்று முழங்கையை மடக்க. ரேடியல் நரம்பு முழங்கையையும் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும். மீடியன் நரம்பு கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும். அது கெட்டால் ஊசியை எடுக்க முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது. அல்நார் நரம்பு உள்ளங்கையின் சிறு தசைகளை ஆளும். அது கெட்டால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பருந்தின் நகம்போல் வளைந்துவிடும். முழங்கையின் உட்பக்கத்தை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கிறதே, அது இந்த நரம்பின் வேலைதான்.

ஆகவே ஓரிடத்தில் ஒரு நரம்பு கெட்டால் ஒரு வேலை போகும். பின்னலே கிழிந்தால் எல்லாம் போகும். மேல் வேர்கள் மட்டும் கிழிந்தால் தோளும் முழங்கையும் சோர்ந்து, உள்ளங்கை பின்னோக்கித் திரும்பி நிற்கும், விரல்கள் ஆடும். இதைப் பிரான்சு நாட்டு தூஷேன் 1872இலும் ஜெர்மானிய மருத்துவர் எர்ப் 1874இலும் விளக்கினார்கள். கீழ் வேர்கள் கெட்டால் தோள் நன்றாயிருக்க விரல்கள் செத்துவிடும் என்று 1885இல் காட்டியவர் ஒரு பெண், பாரிசில் படித்துக்கொண்டிருந்த அகஸ்தா குளும்ப்கே. பெண்களை மருத்துவமனைக்குள் பயிற்சி மருத்துவராக விடுவதற்கே தயங்கிய காலம் அது. கெய்சருக்கு நேர்ந்தது மேல் வேர்களின் கேடா, பின்னல் முழுவதின் கேடா என்பதை இன்று அவருடைய படங்களையும் மருத்துவர் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஆராய்கிறார்கள். தோள், முழங்கை, கை மூன்றுமே சோர்ந்திருந்ததால் கேடு பெரிது என்பது தெளிவு. எர்ப் தம் கட்டுரையை எழுதியபோது இளவரசனுக்கு வயது 15. அதற்கு முன்பு அவனுக்கு வைத்தியம் செய்தவர்களுக்கு நோய் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோய் கழுத்தில் இருந்தது.

தெரியாத வைத்தியர்கள் என்னென்ன செய்தார்கள்! முதலில் குளிர்ந்த நீர், உப்பு நீர், தேய்ப்பு. பிறகு நல்ல கையாகிய வலக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார்கள். வலக்கை கிடைக்காவிட்டால் இடக்கை உழைக்கும் என்பது எண்ணம். எண்ணம் முழுதும் தவறென்று சொல்ல மாட்டேன், இன்றும் குழந்தைகளுக்கு ஓரளவு இம்முறையைக் கையாளுகிறார்கள். ஆனால் ஆணை கொண்டுவர நரம்பே இல்லாத கை எப்படி உழைக்கும்? குழந்தை நிலைதடுமாறி விழுந்ததுதான் மிச்சம். வாரத்திற்கு இருமுறை, அப்போதுதான் கொன்ற முயலின் உடலுக்குள் பிஞ்சுக் கையைச் செருகி வைத்தார்கள். காட்டு விலங்கின் வெப்பமும் வலிமையும் கைக்குள் ஏறும் என்று நம்பிக்கை. நம் நாட்டு மந்திரவாதிகளைப் பார்த்து ஐரோப்பியர்கள் நகைத்துக்கொண்டிருந்த அதே காலம் இது என்பதை நினைவிற் கொள்க. பின்பு மின்சாரம் பாய்ச்சினார்கள். கழுத்துத் தசையும் கெட்டுத் தலை ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கியதால், இடுப்பில் வார், முதுகில் இரும்புக் கம்பி, தலையில் தோல் கடிவாளம் என்று ஒரு பொறியைச் செய்து நாலு வயதுப் பிள்ளைக்கு மாட்டித் திருகினார்கள். அதைப் படமாகவே வரைந்து தன் தாய்க்கு அனுப்பினாள் அந்த இளந்தாய். இறுதியில் கழுத்துத் தசையை வெட்டிவிட்டார்கள். தலை நிமிர்ந்தது. கை நிமிரவில்லை.

நசுங்கிய நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து விரல் வரை வளர்ந்து சேர மாதக்கணக்கில், பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் தசை வாடிவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை. முதுகுத் தண்டிலிருந்தே வேர் பிடுங்கப்பட்டால் வளர்வதற்கு வழியே இல்லை. இன்று நுண்பெருக்கியின் கீழ், உடம்பின் வேறிடத்திலிருந்து நரம்பெடுத்து ஒட்டுப்போடுகிறார்கள். வேலை செய்யும் நரம்பொன்றைப் பிரித்துச் செத்த நரம்போடு இணைக்கிறார்கள். பிறக்கும்போது இக்கேடு நேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு அந்த அறுவையும் தேவைப்படுவதில்லை. சில மாதங்களில் தாமே தேறிவிடுகின்றனர். வில்ஹெல்முக்கு அந்த நற்பேறு இல்லை. அசையாத தசையைத் தாங்கிய எலும்பும் சரியாக வளராது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு உடம்பு வளர வளரக் கை பின்தங்கியது.

தாயின் மனம் எப்படியிருந்தது என்பதை அவர் இங்கிலாந்துக்கு எழுதிய எண்ணற்ற கடிதங்கள் காட்டுகின்றன. மகனைக் காணும்போதெல்லாம் அந்தக் கையே கண்ணில் உறுத்தியது. மற்றக் குழந்தைகள் ஓடியாடும்போது இவன் ஆடை உடுத்தவும் உணவை அறுக்கவும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பதைக் கண்டு நொந்தார். தன் பேறுகாலத்தில் நேர்ந்த கேடு என்னும் எண்ணம் அவரை விடவில்லை. ஆனால் நோவு அன்பாக மட்டும் வெளிப்படுவதில்லை, கண்டிப்பாகவும் வெளிப்படும். இவன் எதிலும் குறைபட்டவனாக இருக்கக்கூடாது என்று அவர் கொண்ட வைராக்கியம் பிள்ளையின்மேல் சுமையாக இறங்கியது.

அந்த வைராக்கியத்தை நிறைவேற்ற 1866இல் வந்தவர் ஆசிரியர் ஹின்ட்ஸ்பேட்டர். சிரிக்கத் தெரியாதவர், பாராட்டத் தெரியாதவர். பிரஷ்ய நாட்டு அரசனுக்குக் குதிரையேற்றம் இல்லாமல் அரசுரிமையே இல்லை என்னும் நிலை. ஒரு கை செத்தவனுக்குக் குதிரையின் மேல் உடம்பின் நிறை சமனாக நிற்காது. கைப்பிடியும் இல்லை, மிதியும் இல்லை. மிதிகளைக் கழற்றிவிட்டு எட்டு வயதுச் சிறுவனைக் குதிரைமேல் ஏற்றினார் ஆசிரியர். விழுந்தான், மறுபடி ஏற்றினார். அழுதான், கெஞ்சினான், மறுபடி ஏற்றினார். வாரக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் ஒருநாள் விழவில்லை. பிற்காலத்தில் படை அணிவகுப்புகளில் கம்பீரமாகக் குதிரைமேல் அமர்ந்து சென்ற பேரரசரைக் கண்டு மக்கள் வியந்தார்கள். அந்தக் கம்பீரத்தின் விலையை அறிந்தவர் இருவரே. இதைக் கல்வி என்பதா, கொடுமை என்பதா? என் கருத்தைக் கேட்டால் கொடுமை என்றே சொல்வேன்; ஆயினும் கெய்சர் தம் வாழ்நாள் முழுவதும் அந்த ஆசிரியரிடம் மதிப்பு வைத்திருந்தார்.

1874 முதல் காசெல் நகரத்தில் மற்றப் பிள்ளைகளோடு உயர்நிலைப் பள்ளிப் படிப்பு, பிறகு பான் பல்கலைக் கழகம், பிறகு படை. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அவர் ஒரு கையால் வாழக் கற்றுக்கொண்ட விதமே சுவையானது. நீந்தினார், துடுப்பு வலித்தார், துப்பாக்கி சுட்டார். வேட்டையில் ஆயிரக்கணக்கான விலங்குகளை வீழ்த்தினார். உணவு மேசையில் கத்தியும் முள்கரண்டியும் ஒன்றாக இணைந்த ஒரு கருவி அவருக்கென்று இருக்கும்; அது இல்லாத விருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் அறுத்துக் கொடுப்பார். இடக்கை முற்றும் செத்ததன்று. இலேசான பொருளைப் பற்றும், கடிவாளத்தைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையின் வேலையையும் செய்த வலக்கையோ இரும்பாக முறுக்கேறியது. மோதிரங்களின் கல்லை உள்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, கைகுலுக்க வந்தவர்களின் விரல்களை நசுக்கி, அவர்கள் முகம் சுளிப்பதைக் கண்டு மகிழ்வாராம். இது விளையாட்டா? இருக்கலாம். வலிமையற்ற கை ஒன்றை மறைத்தவர், வலிமையுள்ள கையை எல்லாருக்கும் உணர்த்தாமல் விடுவதில்லை என்று கண்டுகொண்டேன்.

1888ஆம் ஆண்டு ஜெர்மனியில் மூன்று பேரரசர்களைக் கண்ட ஆண்டு. பாட்டனார் மார்ச்சில் மறைந்தார். தொண்டைப் புற்றுநோயால் பேச்சிழந்திருந்த தந்தை பிரெடரிக் 99 நாட்களே ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். 29 வயதில் வில்ஹெல்ம் கெய்சரானார். தந்தையின் நோயைப் பார்த்தவர்களில் ஓர் ஆங்கில மருத்துவரும் இருந்தார். ஆங்கில மருத்துவர் தந்தையைக் கொன்றார், ஆங்கில மருத்துவர் தம் கையை முடமாக்கினார் என்று கெய்சர் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கூறுவர். உண்மையில் அவர் கையை இழுத்தவர் பெர்லின் பேராசிரியர். அவர் இழுத்திராவிட்டால் கெய்சரே இல்லை. தாயின் மேலிருந்த மனக்கசப்பு தாயின் நாட்டின் மேலும் ஏறியது. இரண்டாண்டில் கிழச்சிங்கமாகிய பிஸ்மார்க்கையும் வெளியேற்றிவிட்டார்.

1896ஆம் ஆண்டு ஜனவரியில் ரோண்ட்கென் என்னும் பேராசிரியரை அரண்மனைக்கு அழைத்து, அவர் புதிதாகக் கண்ட எக்ஸ் கதிர்களைச் செய்துகாட்டச் சொன்னார் கெய்சர். சில வாரங்களுக்கு முன்புதான் ரோண்ட்கென் தம் மனைவியின் கை எலும்புகளைப் படம் பிடித்திருந்தார். அக்கதிர்களால் எலும்பைக் காணலாம். நரம்பைக் காண முடியாது.

1901ஆம் ஆண்டு ஜனவரியில் பாட்டியார் விக்டோரியா மகாராணி இறக்கும் தறுவாயில் இருப்பதாகச் செய்தி வந்தது. பிரஷ்ய முடியரசின் இருநூறாம் ஆண்டு விழாவைப் பாதியில் விட்டுவிட்டு விரைந்தார். இங்கிலாந்தில் மாமன்மார் அவரை விரும்பி வரவேற்கவில்லை. ஆனால் ஆஸ்பர்ன் மாளிகையின் படுக்கையறையில் அவர் நடந்துகொண்ட முறை எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டது. மகாராணி மூச்சுவிடத் திணறினார். நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருபுறம் மருத்துவர் ஜேம்ஸ் ரீட், மறுபுறம் கெய்சர், இருவருமாகத் தாங்கினார்கள். கெய்சருக்குத் தாங்க ஒரு கைதான். களைத்தால் கை மாற்றிக்கொள்ள முடியாது. இடம் மாறினால் செத்த கை அப்பக்கம் வந்துவிடும். ஆகவே அசையாமல், வலக்கையை எடுக்காமல், இரண்டரை மணி நேரம் அப்படியே இருந்தார். அந்தக் கையின்மேல்தான் ஜனவரி 22ஆம் நாள் மாலை பாட்டியாரின் உயிர் பிரிந்தது. அவரை வெறுப்பவர்களும் இந்த இரண்டரை மணி நேரத்தை மறக்கக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாயாரும் புற்றுநோயால் மறைந்தார்.

நான்கு ஆண்டு கழித்து இன்னொரு காட்சி. 1905 மார்ச் 31ஆம் நாள் மொராக்கோ நாட்டின் டாஞ்சியர் துறைமுகம். பிரான்சுக்கு எதிராக அங்கே சென்று இறங்கவேண்டும் என்பது தலைமை அமைச்சர் பியூலோவின் யோசனை. கெய்சருக்கு அதில் மனமில்லை. கடல் கொந்தளித்தது, கப்பல் துறைக்குள் வர முடியவில்லை, சிறு படகில் இறங்கினார். கரையில் காத்திருந்ததோ பழகாத குதிரை. கூட்டத்தின் கூச்சலில் அது மிரண்டது. ஒரு கையோடு, குறுகிய தெருக்களில், மிரளும் குதிரைமேல், உலகமே பார்த்திருக்க அவர் சென்றார். இந்த ஊர்வலத்தால் ஐரோப்பாவில் போர் மூளும்போல் ஆயிற்று. செய்தித்தாள்கள் அவருடைய பேச்சைப் பற்றி எழுதின. அவரோ பிற்பாடு பியூலோவிடம் குறைபட்டுக்கொண்டது குதிரையைப் பற்றி: முடக்கையோடு பழகாத குதிரைமேல் ஏற்றி உயிருக்கே உலை வைத்தீரே என்று நொந்துகொண்டார்.

1914இல் போர் வந்தது. கையின் குறையை ஈடுசெய்யவே அவர் வாளை உயர்த்தினார், ஆகவே அந்தப் பேறுகாலத் தவறே உலகப் போருக்குக் காரணம் என்று சொல்லும் ஒரு கட்சி உண்டு. 1925இல் எமில் லுட்விக் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தக் கையையே அச்சாணியாகக் கொண்டது. 1933இல் சிக்மண்ட் பிராய்டு அதை மறுத்தார்; கையன்று காரணம், குறையுள்ள பிள்ளையிடமிருந்து தாய் அன்பை விலக்கிக்கொண்டதே காரணம் என்றார். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளைக்கும் ஊறு நேர்ந்திருக்கும் என்பார் சிலர், மெய்ப்பிக்க வழியில்லை. எனக்கு இவற்றில் எதுவும் முழுதாக ஒப்பவில்லை. பிராய்டின் கூற்று அந்தத் தாய்க்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே படுகிறது. கை முடமானவர்கள் எத்தனையோ பேர் எந்த நாட்டின்மேலும் படையெடுத்ததில்லை. ஆஸ்திரியாவிலும் ரஷ்யாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் போர்த் தந்திகளில் கையெழுத்திட்டவர்களுக்கு இரண்டு கையும் நன்றாகவே இருந்தன. அந்தக் கை அவருடைய நடையை, பேச்சை, ஆரவாரத்தை வளைத்திருக்கும். அதற்குமேல் சுமத்துவது மற்றவர்களைத் தப்பவிடுவதாகும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்போர் தொடங்கிச் சில மாதங்களிலேயே இரு பக்கத்து மருத்துவமனைகளும் நரம்பறுந்த கைகளால் நிரம்பின. குண்டுத் துண்டு தோளைத் துளைத்தவன், மேற்கை எலும்பு முறிந்து மணிக்கட்டுத் தொங்கியவன், கட்டைவிரல் செத்தவன் என்று ஆயிரமாயிரம் இளைஞர்கள். அறுந்த நரம்பு மீண்டும் வளர்கிறதா என்று அறிய, அதன்மேல் விரலால் தட்டினால் போதும், வளர்முனை எங்கிருக்கிறதோ அங்கே தட்டும்போது கையில் மின்சாரம்போல் சுருக்கென்னும் என்று 1915இல் இருவர் கண்டறிந்தார்கள். ஒருவர் ஜெர்மானியப் பக்கத்தில் பால் ஹாஃப்மன்; மற்றவர் பிரெஞ்சுப் பக்கத்தில் ஜூல் தினேல். எதிரெதிர் அகழிகளுக்குப் பின்னால், ஒருவர் செய்வது மற்றவர்க்குத் தெரியாமல், ஒரே மாதிரியான கைகளை ஒரே மாதிரித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நண்பர் என் மேற்கையைத் தட்டிப் பார்த்ததும் அந்த முறையில்தான். கெய்சர் பிறந்த காலத்தில் யாருக்கும் தெரியாதிருந்த கை நரம்பு வைத்தியம், அவருடைய போரில்தான் வேகமாக வளர்ந்தது.

எம்டன் 1914 நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலோடு மோதி அழிந்தது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1918 நவம்பர் 9ஆம் நாள், கெய்சர் முடி துறந்ததாக பெர்லினில் அறிவித்தார்கள். மறுநாள் அவர் எல்லை கடந்து ஹாலந்தில் புகல் அடைந்தார். சில காலம் பிறர் மாளிகையில் விருந்தினராக இருந்துவிட்டு, 1920இல் டூர்ன் என்னும் சிற்றூரில் தம் சொந்த மாளிகைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு மனைவியை இழந்தார். 1922இல் மறுமணம் செய்துகொண்டார்.

ஆளுவதற்கு நாடில்லை. வந்து பார்ப்பவர்களும் வரவர அருகினார்கள். காலையில் கோடரியும் அரமும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் மரம் வெட்டத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி, அறுத்து, விறகாக்கினார், ஏழைகளுக்கும் கொடுத்தார். அறுக்கும்போது வாளின் மறுமுனையை வேறொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்டிய இடத்தில் புதுக் கன்றுகளை நடச் செய்தார். 1940இல் ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள் நுழைந்து அவ்வூரையும் சூழ்ந்தன. 1941 ஜூன் 4ஆம் நாள் நுரையீரலில் இரத்தம் உறைந்து, தமது 82ஆம் வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி ஜெர்மனிக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த மாளிகை இன்று பொருட்காட்சிச் சாலை. அவருடைய சீருடைகளும் மூக்குப்பொடி டப்பிகளும் அங்கே இருக்கின்றன. எழுதும் அறையில் மேசைக்கு முன்னால் நாற்காலி கிடையாது. உயரமான முக்காலி போன்ற ஒன்றின்மேல் குதிரைச் சேணத்தைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். கடைசிக் காலம் வரை அதன்மேல் அமர்ந்துதான் அவர் எழுதினார்.